அறுபது பேர் போனால் ஒரு நிமிஷம்

கொட்டாம்பாறைக்காரர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. ஆனாலும் கூடிப் பேசாமல் அவர்கள் எதையும் செய்வதில்லை.

அந்த ஊர்க் குருவையாவுக்கு மூன்று வரன் தட்டிப்போய், நாலாவதாக வடக்கே தொலைதூரத்தில் ஒரு பெண் அமைந்தாள். பெண்ணின் தாய்மாமன் கறாரான ஆள். "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வந்து சேரலைன்னா என் மகன் தாலி கட்டிருவான்" என்று சொல்லிவிட்டார். பாவம், குருவையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்த்தலைவர் சங்கிலிமுத்து டவுனில் விமான டிக்கெட் விற்பவரிடம் விசாரித்து வந்தார்.

"ரோட்டுல போனா நானூறு கிலோமீட்டராம். விமானத்துல முந்நூறுதானாம்."

"மிச்சம் நூறை எவன்யா எடுத்தது?" என்று பதறினார் தவசி.

"யாரும் எடுக்கல. ரோட்டை காண்ட்ராக்டர் போட்டாரு. வானத்துக்கு இன்னும் டெண்டர் விடல."

எல்லோருக்கும் நிம்மதியாயிற்று.

"போய்ச் சேர எவ்வளவு நேரமாம்?"

"ஒரு ஆளு போகணும்னு கேட்டேன். ஒரு மணி நேரம்னான்."

அப்போதுதான் பிச்சாண்டி தொண்டையைச் செருமினார். நடவுக்கு ஆள் பிரித்து அனுப்புகிறவர் அவர்; கணக்கில் புலி என்று ஊரில் பேர்.

"பத்துப் பேர் நாள் முழுக்க நடுற வயலை இருபது பேர் நட்டா மத்தியானமே முடிஞ்சிருது. ஒருத்தர் போக ஒரு மணி நேரம்னா, ரெண்டு பேர் போனா அரை மணி. நம்ம ஊரு அறுபது பேரும் போனா?"

"ஒரு நிமிஷம்!" என்று ஊரே கத்தியது.

"கைக்குழந்தையையும் சேத்தா அறுபது? அது வேலை செய்யாதே!" தவசிக்கு எப்போதும் சந்தேகம்தான்.

"விமானத்துல என்னய்யா வேலை? சும்மா உட்காரணும். அதுல குழந்தைதான் கெட்டி."

ஆட்டை விற்று, வளையலை அடகு வைத்து, ஊரே டிக்கெட் எடுத்தது.

கல்யாணத்தன்று காலையில் அறுபது பேரும் விமான நிலையத்துக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. பிச்சாண்டி எழுந்து, "வந்து சேந்துட்டோம்" என்று அறிவித்தார்.

சுற்றிப் பார்த்தார்கள். வரிசையாக நாற்காலி, ஜில்லென்று ஏசி, மைக்கில் ஓயாத பேச்சு. கல்யாண மண்டபம்தான், சந்தேகமில்லை. தவசி பந்தி எந்தப் பக்கம் என்று விசாரிக்கப் போனார்.

சீருடை போட்ட பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், கடைசி அழைப்பு! எல்லாரும் விமானத்துல ஏறுங்க!"

சங்கிலிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்பத்தாம்மா வந்திருக்கோம். ஒரு வாய் காபி குடுக்காம ஊருக்கு ஏத்தி விடப் பாக்கறியே. நீ பொண்ணு வீடா?"

விமானம் காலியாகவே கிளம்பிப் போயிற்று.

முகூர்த்த நேரம் வந்ததும் தாய்மாமன் சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டு அலறினார். "எங்கேய்யா இருக்கீங்க?"

"மண்டபத்துலதான் சம்பந்தி. உங்களைத்தான் காணோம்."

"பொறுத்தது போதும். என் மகன் கட்டுறான் தாலிய!"

போனில் கெட்டிமேளம் கொட்டியது. ஊரே எழுந்து குருவையாவின் தலையில் அட்சதை போட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வாங்கினான்.

"ரொம்ப நன்றி மாமா. நான் இல்லாமலே கல்யாணத்தை முடிச்சுக் குடுத்துட்டீங்க. பொண்ணை மட்டும் தனியா அனுப்பாதீங்க, ஒரு மணி நேரம் ஆயிரும். தாலி கட்டின தம்பியையும் கூட அனுப்புங்க, அரை மணியில வந்துருவாங்க."