முடிச்சில்லாத மூட்டை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பசித்தால் நாடே ஓட வேண்டியிருந்த ஒரு காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. ஒரு நாள் கண் விழித்ததுமே அவருக்கு அக்கரையார் வைக்கும் நண்டுக் குழம்பு வேண்டுமென்று தோன்றிவிட்டது.

அக்கரையார் என்பவர்கள் பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்து, கோட்டைக்கு வெளியே கழிமுகத்தில் குடியேறியவர்கள். நல்ல கறுப்பு, சுருள் முடி. படகு கட்டுவார்கள், வலை பின்னுவார்கள், அருமையாகச் சமைப்பார்கள். அவர்களிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. கோட்டைக்குள் வரும்போது மூட்டைக்கு முடிச்சுப் போட மாட்டார்கள். துணியின் முனைகளைக் கையில் சேர்த்துப் பிடித்தபடியே நடப்பார்கள். "முடிச்சுப் போடக்கூடத் தெரியாத ஜனங்கள்" என்று ஊரார் சிரிப்பார்கள். ராஜாவும் சிரித்திருக்கிறார். சிரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட அரண்மனை விகடன் உத்தண்டி மட்டும் அதற்குச் சிரித்ததில்லை.

அக்கரையாரில் கைதேர்ந்த சமையற்காரன் ஆழியன். மதியத்துக்குள் குழம்பு தயாராக வேண்டுமென்று அவனுக்கு ஆள் போயிற்று. மதியம் வந்தது, ஆழியன் வரவில்லை. ராஜாவின் முன்னால் விரித்த இலை வாடியது. வேறு இலை விரித்தார்கள். அதுவும் வாடியது. பொழுது சாயும் நேரத்தில் நகரசபைத் தலைவர் திருமேனிநாதர் முன்னால் நடந்து வர, காவலர்கள் ஆழியனைப் பிடித்திழுத்து வந்தார்கள். கோட்டை வாசல் நகரசபையின் பொறுப்பில் இருந்தது.

"மகாராஜா! பெரிய ஆபத்திலிருந்து தங்களைக் காப்பாற்றியிருக்கிறோம். இவன் மூட்டையில் ஆயுதம் இருந்தது. விஷப்பொடியும் இருந்தது."

"சாமி, அது குழம்பு கிண்டுற கரண்டி" என்றான் ஆழியன். "அது மல்லியும் மிளகாயும் வறுத்து இடிச்ச பொடி. காலையிலேருந்து வாசல்ல உக்காந்து இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். கொண்டு வந்த நண்டெல்லாம் செத்தே போச்சு."

வயிறு காய்ந்தவர் வழங்கும் தீர்ப்பு எப்படி இருக்கும்? "நாளை சூரியன் மறைவதற்குள் இவன் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேற வேண்டும்" என்றார் ராஜா.

"சாமி, வீட்ல அவளுக்கு நிறைமாசம்..." ஆழியன் கையெடுத்துக் கும்பிட்டான்.

உத்தண்டி முன்னால் வந்தான். "மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம். குற்றம் செய்தது இவனுடைய கரண்டியா, முகமா?"

திருமேனிநாதருக்கு உத்தண்டியைக் கண்டாலே ஆகாது. "எங்கள் காவலர்கள் முகம் பார்ப்பதில்லை, நிறம் பார்ப்பதில்லை. மூட்டையை மட்டுமே பார்க்கிறார்கள். என் குலதெய்வத்தின் மேல் ஆணை!" என்றவர், உதட்டோரம் சிரித்தார். "விகடனாரின் மனைவியும் அக்கரைக்காரிதானே? பாசம் பேசுகிறது."

 உத்தண்டியின் மனைவி வலம்புரி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்து போயிருந்தாள்.

"உண்மைதான், ஐயா" என்றான் உத்தண்டி. "அவள் போய்விட்டாள். பாசம் போக மாட்டேன் என்கிறது." அப்புறம் வழக்கம்போல் பல்லைக் காட்டினான். "ஆனால் காவலர் மனத்தில் முகம் இருக்கிறதா, மூட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே?"

ராஜாவுக்கு இது பிடித்துப் போயிற்று. "சரி. நாளை மதியத்துக்குள் அவர்கள் மனத்தில் இருப்பதை வெளியே எடுத்து என் முன்னால் வை. வைத்தால் இவன் பிழைத்தான். இல்லாவிட்டால் நீயும் இவனோடு மூட்டை கட்டு."

"காவலரைத் தொடக்கூடாது. ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது" என்று அவசரமாகச் சேர்த்தார் திருமேனிநாதர்.

"எதற்கு ஐயா கேள்வி? ஒரு திரைச்சீலை கிடைத்தால் போதும்."

மறுநாள் காலை கோட்டை வாசலின் குறுக்கே ஒரு திரை தொங்கியது. இடுப்பு உயரத்தில், மூட்டை நுழையும் அளவுக்கு அதில் ஓர் ஓட்டை. உள்பக்கம் காவலர் தலைவன் தாண்டவனும் அவன் ஆட்களும் நின்றார்கள். வெளிப்பக்கம் ஊருக்குள் வரும் ஜனங்கள். மதில் மேல் ராஜா, அவர் பக்கத்தில் திருமேனிநாதரும் சபையாரும்.

"காவலர்கள் மூட்டையை மட்டுமே பார்க்கிறார்கள் என்று தலைவர் ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறார்" என்று உரக்கச் சொன்னான் உத்தண்டி. "ஆகவே கண்ணுக்கு வேறு வீண் வேலை தராமல் மூட்டையை மட்டும் கொடுக்கிறேன். யாரும் வாயைத் திறக்காதீர்கள். மூட்டையை நீட்டினால் போதும்."

முதல் மூட்டை வந்தது. தாண்டவன் அவிழ்த்தான். அவல், ஓர் அரிவாள், ஒரு சின்னக் குடம். புரட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். வயிற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. போகச் சொல்வதா, பிடித்து வைப்பதா? வேர்த்துக் கொட்டியது. வெளியே வரிசை நீண்டு சந்தை மேடு வரை போயிற்று. கடைசியில் பொறுக்க முடியாமல் மதிலைப் பார்த்துக் கத்தினான்.

"தலைவரே! ஆளை ஒரு தடவை காட்டச் சொல்லுங்க! ஆளைப் பாக்காம, மூட்டையில சந்தேகம் இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

மதில் மேல் எல்லோரும் திருமேனிநாதரைத் திரும்பிப் பார்த்தார்கள். உத்தண்டி அண்ணாந்து பார்த்தான். "மகாராஜா, கேட்ட சாமான் வெளியே வந்துவிட்டது. இன்னும் மதியம்கூட ஆகவில்லை."

"ஏதோ உளறுகிறான்! சோதனை தொடரட்டும்!" என்று கத்தினார் திருமேனிநாதர். அங்கேதான் அவர் தப்புச் செய்தார்.

அடுத்து வந்த மூட்டைக்கு இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே நீளக் கரண்டி, ஒரு பொடிப் பை. தாண்டவன் முகர்ந்தான். காலையிலிருந்து சுருங்கியிருந்த முகம் மலர்ந்தது. "யாரோ சமையக்காரரு! அடடா, மல்லிய என்ன பதமா வறுத்திருக்காரு! போங்க சாமி, போங்க, அடுப்பு காத்திருக்கும்!"

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் ஆழியன். தாண்டவன் திறந்த வாயை மூட மறந்தான்.

"முடிச்சு மட்டும் நான் போட்டது" என்றான் உத்தண்டி, திரைக்கு வெளியிலிருந்து.

அதற்குள் ஒரு பட்டு மூட்டை வந்து விழுந்தது. பளபளவென்று ஒரு பாக்குவெட்டி, ஜாடியில் கரேலென்று ஏதோ பசை. "வெட்டுக் கருவி! விஷப் பசை! பிடிங்கடா அவனை!" காவலர்கள் பாய்ந்து திரையைக் கிழிக்காத குறையாக விலக்கினார்கள். அங்கே உத்தண்டி நின்றிருந்தான்.

"என்னுடையது இல்லையப்பா. மூட்டைக்காரர் மேலே நிற்கிறார். அவர் பல்லக்கிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன்."

"அது என் லேகியம்!" என்று அலறினார் திருமேனிநாதர். ராஜா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார்.

"தாண்டவா, அக்கரையார்மேல் உனக்கு என்ன பகை?"

"சத்தியமா ஒண்ணும் இல்லை மகாராஜா. ஒரு முகத்தைப் பாத்தா கை தானா மறிக்குது. இன்னொரு முகத்தைப் பாத்தா தானா கும்பிடுது. கை போன பிறகுதான் எனக்கே தெரியுது."

"நீயே ஆழியனைவிடக் கறுப்பாக இருக்கிறாயே!"

"அதான் மகாராஜா எனக்கும் விளங்கலை."

ராஜா மறுபடி சிரிக்க வாயெடுத்தார். உத்தண்டி பொடிப் பையை அவரிடம் நீட்டினான். ராஜா முகர்ந்து பார்த்தார். வந்த சிரிப்பு நின்றுவிட்டது. "நேற்றே முகர்ந்திருக்கலாம்" என்றார் மெல்ல. "ஆழியா, போன தீர்ப்பு போகட்டும். நீ எங்கேயும் போக வேண்டாம்."

"அப்படியானால் விஷயம் முடிந்தது" என்று திருமேனிநாதர் நழுவப் பார்த்தார். "அக்கரையாரை மறிக்கச் சொல்லி நகரசபை உத்தரவு போட்டதில்லை. கை தானாகப் போனதற்கு நாங்கள் என்ன செய்வோம்?"

"உத்தரவு இல்லை, ஐயா. ஆனால் கல் இருக்கிறது" என்றான் உத்தண்டி. வாசல் தூணில் சபையார் திருவிழாவுக்குத் திருவிழா கட்டிவிட்டிருந்த காய்ந்த தோரணங்களை அள்ளிப் போட்டான். அடியில் பழைய ராஜா வெட்டி வைத்த சட்டம் இருந்தது. 'இவ்வாசலில் ஆளுக்கொரு நியாயம் நடக்குமானால், அதனால் கெட்டுப்போன காரியத்தை நகரசபையார் தம் கையால் செய்து தரக் கடவர்.'

"வேண்டுமென்றே நடந்தால் என்று எழுதவில்லை. நடந்தால் என்றுதான் எழுதியிருக்கிறது" என்றான் உத்தண்டி. "இங்கே கெட்டுப்போன காரியம், நண்டுக் குழம்பு."

சபையார் வெளியே பார்த்தார்கள். அக்கரையார் கூட்டமாக நின்றிருந்தார்கள். இந்த வாசலில் உட்கார வைத்ததால் தார் பூச முடியாமல் படகு ஊறிப் போனவன், வலை விற்கும் நேரம் தப்பியவள், பானை உடைபட்டவள்.

"இவர்கள் எல்லோரும் கேட்டால் நகரசபையே இவர்கள் வீட்டு வேலைக்குப் போக வேண்டுமே!" என்று சபையாரில் ஒருவர் தூணில் சாய்ந்தார்.

"அதனால்தான் சொல்கிறேன்" என்றான் உத்தண்டி. " முறையை இன்றைக்கே மாற்றினால் வரிசை இத்தோடு நிற்கும். நாளைக்குத் தள்ளினால் வளரும்."

"மாற்றியாயிற்று" என்றார் ராஜா. "இனி அவிழ்த்தால் எல்லார் மூட்டையையும் அவிழ்க்க வேண்டும், என்னுடையது உட்பட. இல்லையென்றால் ஒருவருடையதையும் தொடக்கூடாது. நிற்பவர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்து கொடுங்கள். முதலில் என் வயிற்றைக் கவனியுங்கள்!"

அன்று அரண்மனை மடப்பள்ளியில் திருமேனிநாதர் தேங்காய் அரைத்தார். சபையார் சின்ன வெங்காயம் உரித்து அழுதார்கள். ஒருவர் விரலை நண்டு பிடித்துக்கொண்டது. "தலைவரே, அம்மியைத் தடவிக் குடுக்காதீங்க, அரைங்க" என்றான் ஆழியன். குழம்பு சகிக்கவில்லை. ராஜா சிரித்துக்கொண்டே இலையை வழித்தார். இடையில் கழிமுகத்திலிருந்து ஆள் வந்தது. ஆழியனுக்குப் பெண் பிறந்திருந்தது.

"உத்தண்டி, அவர்கள் ஏன்தான் முடிச்சுப் போடுவதில்லை?" என்று கேட்டார் ராஜா.

"படகுக்காரர்கள், மகாராஜா. புயலில் அவிழாத முடிச்சுப் போடுவார்கள். என் வலம்புரி ஒற்றைக் கையாலேயே போடுவாள். வாசலுக்கு வரும்போது மட்டும் போட மாட்டாள். 'எப்படியும் அவிழ்க்கத்தானே போறாங்க, எதுக்கு வீண் வேலை' என்பாள்."

ராஜா இலையை ஒதுக்கி வைத்தார். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "வேறென்ன வேண்டும்?"

"இதை வைத்துக் கட்ட அந்தத் திரைச்சீலை."

பொழுது சாயும் நேரத்தில் உத்தண்டி பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிளம்பினான். சீலையில் மாலையை வைத்து, வலம்புரி சொல்லிக் கொடுத்தபடி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வீடு திரும்பும் அக்கரையார் வரிசை. தாண்டவன் கும்பிட்டுவிட்டு, "உத்தரவு சாமி, போறவங்க வர்றவங்க எல்லாருதையும் அவுக்கணும்" என்று மூட்டையை வாங்கினான். இழுத்தான். நகத்தால் நிமிண்டினான். பல்லால் கடித்தான்.

"என்ன முடிச்சு சாமி இது!"

நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். அத்தனை மூட்டையிலும் அதே முடிச்சு. தாண்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யாருதையும் அவுக்கலை. எல்லாரும் போங்க."

மதில் மேலிருந்து ராஜா சிரித்த சிரிப்பு கழிமுகம் வரை கேட்டது. உத்தண்டியும் சிரித்தான். முடிச்சில் ஈரம் இருந்தது. தாண்டவன் கடித்த எச்சில் என்று சொல்லிக் கண்ணையும் துடைத்துக்கொண்டு, மூட்டையைத் தோளில் போட்டு நடந்தான்.