அறுபத்தோராம் போர்ட்

"மேடம், மூணு வாரமா இந்தப் பன்னிரண்டு போர்ட்டையே பார்த்துக்கிட்டு இருக்கேன். மிச்சத்தை எப்பக் காட்டுவீங்க?"

கேட்டவர் அருளப்பன். வயது ஐம்பத்தொன்று. சொல்லித்தரும் ஷாஹிதாவுக்கு முப்பத்துமூன்று.

அருளப்பன் அதே ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் மின்சாரப் பிரிவில் இருந்தவர். பிணவறையிலிருந்து மொட்டைமாடி வரை அவருக்குத் திறக்காத கதவு கிடையாது. முழங்கால் ஏணி ஏற மறுத்ததும், தானே கேட்டுச் சர்வர் அறைக்கு மாறி வந்தார்.

சர்வர்களையும் டிஸ்க்குகளையும் இணைக்கும், போர்ட் என்ற கேபிள் துளைகள் கொண்ட சுவிட்ச் அங்கே ஒன்றுதான். அதைக் கட்டளைகளால் பல டொமைன்களாகப் பிரித்து வைத்திருந்தார் ஷாஹிதா. அருளப்பனுக்குக் கிடைத்தது நாலாம் டொமைன், ஸ்கேன் பிரிவுடையது. அதற்குள் நின்று என்ன கட்டளை அடித்தாலும் பன்னிரண்டு போர்ட்டுதான் வரும். மற்றவை இருப்பதாகவே சுவிட்ச் காட்டிக்கொள்ளாது.

எல்லாப் போர்ட்டையும் காட்டும், வேலி இல்லாத டொமைன் எண் ஒன்று உண்டு. 255.

"அதையா கேக்கீங்க?" என்றார் ஷாஹிதா.

"அதைத்தான்."

ஷாஹிதா நாலு வரி அடித்தார். "உங்க லாகின்ல சேர்த்தாச்சு அண்ணாச்சி. உள்ள போங்க."

இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று அருளப்பன் நினைக்கவில்லை. 255 என்று அடித்தார்.

திரை ஓடியது. நிற்காமல் ஓடியது. தொண்ணூற்றாறு போர்ட்டுகள்.

காபி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மேடம், ஸ்கேன் பிரிவுக்குப் புது சர்வர் வந்து இறங்கியிருக்கு. போர்ட் இல்லைன்னு காலையிலிருந்து கத்துறாங்க. இங்க ஒண்ணு சும்மா கிடக்கு. அறுபத்தொண்ணு."

"சும்மாவா?"

"ரெண்டு மாசமா ஒரு எழுத்துகூட அது வழியாப் போகலை. அடைச்சிட்டு ஸ்கேனுக்குக் கொடுத்திரலாமா?"

"யாருது அது?"

"யாருதும் இல்லை. பேரே இல்லை."

"யாருதும் இல்லையா? இல்ல, யாருதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

அருளப்பன் மறுபடி திரையைப் பார்த்தார். மறுமுனையில் மாட்டியிருக்கும் கருவியின் பதினாறு இலக்க எண் ஒன்று இருந்தது. அதை எத்தனை முறை படித்தாலும் அது எண்ணாகவே இருந்தது.

"இதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஷாஹிதா எழுந்து போய், சுவிட்ச் இருந்த ரேக்கின் பின்பக்கம் அறுபத்தொன்றிலிருந்து தொங்கிய மஞ்சள் கேபிளை இரண்டு விரலால் மெல்லத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மின்சாரப் பிரிவு ஆளுக்குக் கேபிள் பின்னால் போகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது கூரையோடு போனது. குழாய் வழியே இரண்டு மாடி இறங்கியது. மருந்தகத்தின் தலைக்கு மேல் ஓடி, ரத்த வங்கிக்குள் நுழைந்தது. அங்கே ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே, தூசி தட்டித் துடைத்த ஒரு சிறிய சர்வரில் போய் முடிந்தது.

பொறுப்பில் இருந்த செண்பகவல்லி ரத்தப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இது ஓடுதாம்மா?"

"உயிரோட இருக்கு. வேலை செய்யாது. பெரிய சர்வர் படுத்தா இது எந்திரிக்கும். யாருக்கு எந்த ரத்தம், எந்தப் பை எங்க இருக்குன்னு அப்ப இதுதான் சொல்லணும்."

"ரெண்டு மாசமா வேலையே இல்லையே."

"அப்படியே இருக்கணும்னுதான் தினம் கும்பிடுறேன்" என்றார் செண்பகவல்லி. விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அருளப்பன் அந்தச் சர்வரில் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

"ஸ்கேன்காரங்க கத்துறாங்களே, என்ன சொல்ல?" என்றார் ஷாஹிதா.

"போர்ட்டைக் கூட்ட லைசன்ஸ் வாங்கணும், ரெண்டு நாள் பொறுங்கன்னு நேர்லயே சொல்லிட்டுத்தான் வாரேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

உட்கார்ந்தார். 255-க்குள்ளிருந்து புதிதாக ஒரு டொமைன் உண்டாக்கினார். ஒன்பதாவது. ரத்த வங்கியின் மற்ற போர்ட்டுகளோடு அறுபத்தொன்றையும் அதற்குள் வைத்தார். ரத்த வங்கி என்று பெயர் எழுதினார்.

"உங்க லாகினையும் இதுல சேர்க்கவா அண்ணாச்சி?"

"வேண்டாம் மேடம். என் லாகின்லருந்து 255-ஐயும் எடுத்திருங்க."

மாற்றங்களை அமல்படுத்தவா என்று சுவிட்ச் கேட்டது. ஆம் என்று அடித்தார். பிறகு 255-ஐ விட்டு வெளியேறி, தன் நாலாம் டொமைனுக்குள் போய்ப் பட்டியலைக் கேட்டார்.

பன்னிரண்டு வரி வந்தது.

ஷாஹிதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அறுபத்தொண்ணைக் காணோமே அண்ணாச்சி?"

"ரத்த வங்கியில இருக்கு" என்றார் அருளப்பன்.