ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுவது ஏன்?

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு நாடு இருந்தது. நாடென்று இருந்தால் சட்டம் இல்லாமலா? ஏரி நடுவே ஒரு மண்திட்டு, அதுதான் நாடு. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் கேட்கும். அதற்குத் தலைவன் ஆட்காட்டி. திட்டில் இருந்த ஒரே கருவேல மரத்தின் உச்சியில் அவன் குடும்பம் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கரையோரக் கோரைப்புல்தான்.

ஆபத்து வந்தால் அங்கே காவல்காரன் கத்தக் கூடாது. தலைவனிடம் போய் மெல்லச் சொல்ல வேண்டும். கத்துவதா வேண்டாமா என்று தலைவன் முடிவு செய்வான். ஊர் வீணாகப் பயந்துவிடக் கூடாதாம்! சுற்றிலும் தண்ணீர் நின்றவரை இந்தச் சட்டத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஒரு கோடையில் ஏரி வற்றியது. கிழக்கே சேறு தெரிந்தது. காவலிருந்த முக்குளிப்பான் பதறிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

“தலைவரே, நரி சேத்துல கால வச்சுப் பாக்குது. கத்தட்டுமா?”

“எல்லாரும் அடைகாக்குற நேரம்டா. இப்பக் கத்தினா முட்டைய விட்டுட்டுப் பறந்துடுவாங்க. நரி சேத்தப் பாத்துட்டுத் திரும்பிடும். நீ போ.”

முக்குளிப்பான் திரும்பக் காவலுக்குப் போனான். சட்டத்தை மீற முடியுமா? வாயை மூடிக்கொண்டு நின்றான். நரி திரும்பவில்லை.

பொழுது சாய்வதற்குள் கோரைப்புல்லில் முட்டை ஓடுகள்தான் மிஞ்சின. எல்லாரும் சேர்ந்து கொத்தியிருந்தால் அந்த ஒற்றை நரி ஓடியே போயிருக்கும். யாருக்கும் தெரியாமல் போனதுதான் கொடுமை.

மரத்தடியில் கூட்டம் கூடியது. ஒரு முட்டைகூட மிஞ்சாத நாமக்கோழி, முக்குளிப்பானைப் பிடித்துக்கொண்டாள்.

“நரி வந்ததப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏம்பா தலைவர்கிட்டச் சொல்லல?”

அவன் மரத்து உச்சியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“இவன அக்கரைக்குத் துரத்துங்க!” என்று கூட்டம் கூச்சலிட்டது. அக்கரை நரிகளின் இடம்.

மேலிருந்து ஆட்காட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இவன் வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் இவன் உயிர் போகும். பேசாமல் இருந்தாலே தப்பிவிடலாம் என்ற நினைப்பு வந்ததும் அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இறங்கி வந்தான்.

“அவன் வந்து சொன்னான். நான்தான் கத்த வேணாம்னேன்.”

நாமக்கோழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க முட்டைங்க பத்திரமா இருக்கா, தலைவரே?”

ஆட்காட்டி தன் கூட்டை அண்ணாந்து பார்த்தான். பறந்து மேலே போய் முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான்.

“ஐயோ, எம்புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?” என்று மனைவி அழுதாள்.

“அவங்க புள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

கிழக்குக் கரையில், வெறுந்தரையில் முட்டைகளை வைத்தான். “இனிமே நரி வந்தா முதல்ல என் வீட்டுக்குத்தான் வரணும்,” என்றான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆட்காட்டி இன்றும் மரத்தில் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் முட்டையிடுகிறது. நரியோ, நாயோ, வரப்பில் நடக்கும் நீங்களோ, யார் வந்தாலும் யாரையும் கேட்காமல் தொண்டை கிழியக் கத்துகிறது. சில நேரம் யாரும் வராமலே கத்துவதும் உண்டு. பாவம், அதற்கு இன்னும் பயம் தெளியவில்லை.