காரணம் சொல்லும் நாள்

காத்தமுத்து தன் மகனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஊர்க் கிணற்றின் விளிம்பில். தூர் அள்ள இறங்கப்போன ஆண்டிச்சாமி, இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்துச் சிரித்தான்.

வெகுநாள் மூடிக் கிடந்த கிணறு. ஆள் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது வழக்கம். அணைந்தால் உள்ளே விஷக்காற்று.

அன்று விளக்கு அணைந்தது. மேலே கயிறு பிடித்திருந்த இருளப்பன், "ஆடிக் காத்துடா, அணைக்காம என்ன செய்யும்?" என்றான். யாரும் மறுக்கவில்லை.

இருளப்பன் இழுத்து வெளியே போட்டபோது ஆண்டிச்சாமிக்கு மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. ஊர் வழக்கப்படி, சாவுக்குக் காரணம் இன்னாரென்று தகப்பன் சொன்னால், அந்த ஆள் பொழுது சாயுமுன் குடும்பத்தோடு வெளியேற வேண்டும்.

கூட்டத்துக்குப் போகிற வழியில் காத்தமுத்து குளத்துக்கரை மண்டபத்தில் நின்றான். அவனுடைய குரு வெள்ளையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைவிட வயதில் இளையவள்.

"இருளப்பன்தாம்மா காரணம். போய்ச் சொல்லப்போறேன். திருநீறு குடுங்க."

"விஷக்காத்து எப்படி வந்துச்சு?"

"கிணறு மூடிக் கிடந்துச்சுல்ல."

"யாரு மூடுனா?"

"ஊருதான். ஆடு விழுந்து செத்துச்சுன்னு."

"ஆடு ஏன் அங்க போச்சு?"

"மழை இல்ல. தண்ணிக்குத் தவிச்சு எட்டிப் பாத்திருக்கும்."

"மழை ஏன் இல்ல?"

"மேல இருக்கறவனைக் கேளுங்க."

"அவனுக்கு முன்னால?"

"அவனுக்கு முன்னால என்ன இருக்கு? எல்லாத்துக்கும் முதல் அவன்தான்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்ப கூட்டத்துல அவன் பேரைச் சொல்லு."

"விளையாடாதீங்கம்மா. அவனை ஊரைவிட்டு வெரட்ட முடியுமா?"

"முடியாது. அதனால இருளப்பன்."

காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"யாராவது ஒருத்தன்கிட்ட போய் நிக்கணும்ல? இல்லன்னா பெத்தவன் நான் எங்க போய் நிக்கிறது?"

அவள் கீரையை ஒதுக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். அவனும் பின்னால் போனான்.

கயிறு போட்டது போட்டபடி கிடந்தது. சாவு விழுந்த கயிற்றை யாரும் தொடவில்லை. அவள் ஒரு முனையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது?"

"பிள்ளை இடுப்புல கெடந்தது."

"மறுமுனை வரைக்கும் கையால தடவிப் பாரு. அப்புறம் கூட்டத்துக்குப் போ."

அவன் தடவிக்கொண்டே போனான். முதலில் சேறு. பிறகு வெறும் நார்.

மறுமுனைக்குச் சற்று முன்னால் கயிறு விறைத்திருந்தது.

நாரில் இருளப்பனுடைய உள்ளங்கைத் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது.