தண்ணீர் கொண்டுவந்த சாட்சி

முன்னொரு காலத்தில், ஓர் அரண்மனை விகடகவியின் மனைவி அவனிடம் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமலே வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் பேச்செடுத்துப் பார்த்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள் கோமளவல்லி.

“கேளேன். நிலா வேணுமா, ராஜாவோட மீசை வேணுமா?” என்றான் விகடகவி மங்கைபாகன்.

“இதுக்குத்தான் வாயைத் திறக்கறதில்ல. நீங்க வேடிக்கை பண்ணாம கேக்குற அன்னிக்குச் சொல்றேன்.”

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அந்த நாள் வரவேயில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி முதல் மழையில் தெருத்தெருவாக ஓடும் நீர் தெப்பக்குளத்தில் சேர்ந்ததும், ஊரார் முன்னிலையில் அரசர் ஒரு கை அள்ளிக் குடிப்பார். அந்த வருடமும் குடித்தார். குடித்த வேகத்திலேயே துப்பினார். சீயக்காய் நுரை, எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கும் மேலே வெளியே சொல்ல முடியாத ஒரு வாசனை!

“என் குளத்தைக் கெடுத்தவன் யார்?”

பிரதானி வச்சிரநாதருக்கு விகடகவி மேல் நெடுநாள் பொறாமை. “மன்னா, குளக்கரையில் குடியிருப்பவன் மங்கைபாகன் ஒருவன்தான்!” என்றார்.

“பிரபு, நான் கரையில்தான் இருக்கிறேன். தண்ணீரோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிறது. அதைத்தான் கேட்க வேண்டும்.”

“நல்லது!” என்றார் பிரதானி. “அடுத்த மழையில் தண்ணீரே சாட்சி சொல்லட்டும். இல்லையேல் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்.”

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. “அப்படியே ஆகட்டும்!” என்றார்.

மங்கைபாகன் அன்று இரவெல்லாம் யோசித்தான். மறுநாள் மனைவியின் கையில் ஒரு பூக்கூடையைக் கொடுத்து, அரண்மனைக் காவலர் ஒருவரையும் துணைக்கு அனுப்பினான். எந்த வீட்டு அழுக்கு தெருவில் கிடக்கிறதோ, அதன்மேல் அவள் பூ வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வகைப் பூ. எந்த வீட்டுக்கு எந்தப் பூ என்று காவலர் குறித்துக்கொள்ள வேண்டும்.

தன் மாட்டுக்கொட்டில் சாணக்குவியலில் செம்பருத்திகளைக் கண்ட பிரதானி விழுந்து விழுந்து சிரித்தார். “மார்கழி வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் சாணத்தில் பூ வைக்கிறாளே! புருஷன் போகப்போகிற கவலையில் புத்தி பேதலித்துவிட்டது போலும்.” மங்கலமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. ஊரே குளப்படியில் கூடியது. வாய்க்கால் வழியாக முதலில் மிதந்து வந்தவை செம்பருத்திகள்.

“பிரதானியார் வீடு!” என்றார் காவலர்.

“வெறும் சாணம்தானே, மன்னா!”

“தோட்டத்துக் குழியில் கிடந்தால் எரு. தெருவில் கிடந்தால் அரசருக்குத் தீர்த்தம்!” என்றான் மங்கைபாகன்.

அடுத்துச் சாமந்தி வந்தது. காவலர் குரலைத் தாழ்த்தினார். “அரண்மனை மடைப்பள்ளி, பிரபு. எண்ணெய்ச் சட்டி கழுவிக் கொட்டும் இடம்.”

கூட்டம் அரசரின் முகத்தைப் பார்த்தது. அரசரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்படியென்றால் நான் குடித்தது என் வீட்டு வடைச்சட்டியையா! இனி சாணம் குழிக்கு, கழுவிய நீர் வாழைக்கு. முதல் குழியைப் பிரதானியும் நானும் வெட்டுகிறோம்.”

அப்போது ஒரு வெள்ளைப் பூ அசைந்து அசைந்து வந்தது.

“நந்தியாவட்டை... விகடகவியார் வீடு.”

பிரதானி துள்ளினார். மங்கைபாகன் குனிந்து அந்தப் பூவை எடுத்தான். “நானுமா?”

“குளத்தைக் காப்பாற்றியவன் நீ. பூ வந்தால் என்ன, பரிசு உண்டு. கேள்!” என்றார் அரசர்.

மங்கைபாகன் மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.

“சொல்லு கோமளம். என்ன கேக்கணும்னு இருந்த?”

“ராஜாவோட மீசை வேணாங்க. அவர் எச்சில் துப்புற படிக்கத்துல ஒண்ணு வாங்கிக் குடுங்க. வெத்திலையை மென்னு மென்னு ஜன்னல் வழியா வாய்க்கால்ல துப்புறீங்களே, அதை மட்டும் விட்டுடுங்க.”

அரசர் மீசை குலுங்கச் சிரித்தபடி, பக்கத்திலிருந்த தம் தங்கப் படிக்கத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.