எலுமிச்சம்பழத்தில் ஏறிய லோடர்

அணைந்தபெருமாள் முதலாளியின் குடோனில், அவர் இனிக்கிறது என்று சொன்னால் உப்பும் இனித்தாக வேண்டும். உப்பு அள்ள ஒன்றை வாங்குவதற்காக, இரண்டு வண்டிகள் வாசலில் நின்றன. ஒன்று யானை போன்ற பெரிய லோடர். மற்றது நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் சின்ன ஸ்கிட் லோடர். முதலாளியின் கண் பெரியதன்மேல்.

"ஏளா சந்தனக்கனி! பெரிய வண்டி வந்தா மூட்டை தைக்கிறவளுக நசுங்கிருவோம்னியாமே? இப்ப சொல்லு, எது நல்ல வண்டி? தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

மூட்டை தைத்துக்கொண்டிருந்த சந்தனக்கனி ஊசியைக் கீழே வைத்தாள். பெரியது என்றால் உயிர் போகும், சின்னது என்றால் வேலை போகும்.

"மொதலாளி பாத்ததுதான் நல்ல வண்டி. உள்ள அம்மன் படத்துக்கு முன்னால பூசை போட்டு, எலுமிச்சம்பழத்துல ஏத்தி வெளிய கொண்டாருவோம். மொத ஓட்டம் பின்னால போகக் கூடாதுல்லா?"

"பின்ன? போகவே கூடாது" என்று முதலாளி மீசையைத் தடவினார்.

பெண்களை அவள் வெளியே கூட்டி வந்துவிட்டாள். பெரிய லோடர் உள்ளே போனது, பூசை முடிந்தது, திரும்பத்தான் இடமில்லை. வண்டி இடித்து, பக்கத்து மூட்டை அடுக்கு ஆடியது. டிரைவரின் கை ரிவர்ஸ் கியருக்குப் போனது.

"ஏலேய், பின்னால எடுக்காதலே!" முதலாளி அலறினார்.

அடுக்கிலிருந்து ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

"பழத்தை எடுங்கலே. பூசையே போடலன்னு வச்சுக்குவோம். இப்ப பின்னால எடுலே."

அடுத்துப் போன சின்ன லோடர், அம்மன் முன்னால் நின்றபடியே சுற்றி, பழத்தை நசுக்கிக்கொண்டு நேராக வெளியே வந்தது.

முதலாளி அவளை முறைத்தார். "தெரிஞ்சேதான் சொன்னியா?"

"எனக்கென்ன தெரியும் மொதலாளி? அம்மனுக்குச் சின்னதுதான் பிடிச்சிருக்கு போல."