மூன்றாம் கொடி

சிவப்புக் கொடியை ஏற்ற ஆள் இருந்தது; இறக்க ஆள் இல்லை. அதுதான் கோளாறு.

வெள்ளைக் கொடி என்றால் வழக்கமான காவல். மஞ்சள் என்றால் யாரும் கோட்டையை விட்டு வெளியே போகக் கூடாது. சிவப்பு என்றால் நாணில் அம்பு. உள்ளே ஓர் அடுப்பும் எரியக் கூடாது. பள்ளத்துக்கு அப்பால், பகைவரின் எதிர்மலைக் கோட்டையிலும் இதே வழக்கம்தான். கொடியை எந்தக் காவலாளியும் ஏற்றலாம். இறக்க மட்டும் அரசரின் முத்திரை வேண்டும். முத்திரை வாங்கப் போனவன் திரும்பவில்லை.

தூரத்தில் தூசி தெரிந்ததென்று ஒரு காவலாளி சிவப்பை ஏற்றியிருந்தான். தூசி கிளப்பியது ஆட்டு மந்தை. அது தெரிவதற்குள் எதிர்மலையிலும் சிவப்பு ஏறிவிட்டது.

பத்தொன்பது நாளாயிற்று. ஊறவைத்த அவலைத் தின்றுகொண்டு, தூக்கமில்லாமல், இரண்டு மதில்களிலும் ஆட்கள் வில்லும் கையுமாக நின்றார்கள். அன்று காலை ஒருவன் நின்றபடியே கண்ணயர, அம்பு நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. எதிரே நூறு வில் நிமிர்ந்தது. யாரும் எய்யவில்லை.

அடுத்த அம்பு பள்ளத்தில் விழாது. கோட்டைத் தலைவன் சேந்தனுக்கு அது தெரியும். தனக்கு வில் பிடிக்கக் கற்றுத்தந்த ஆசானைத் தேடிப் போனான். அவர் மதில் நிழலில் அவல் மென்றுகொண்டிருந்தார். பல்லில்லாத வாய்க்கு அது பெரிய வேலை.

"அவர்கள் கொடியை இறக்கினால் முத்திரை இல்லாமலே நானும் இறக்கிவிடுவேன், ஆசானே."

"அங்கேயும் ஒரு மடையன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்."

"நான் முதலில் இறக்கி, அவர்கள் பாய்ந்துவிட்டால்? முந்நூறு தலை போகும்."

ஆசான் மெல்வதை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார்.

சேந்தன் திரும்பினான். சமையற்கட்டுக் கூரையில் புகை. யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். அணைக்க ஓடப் போனவனின் மணிக்கட்டை ஆசான் பற்றினார். விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். கிழவர் விடவில்லை.

எதிர்மதிலில் ஒருவன் கையை நீட்டிப் புகையைக் காட்டினான். எல்லா வில்லும் உயர்ந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு வில் தாழ்ந்தது. பிறகு இன்னொன்று. உச்சி வெயிலில் அந்த மலையிலும் மெல்லிசாகப் புகை எழுந்தது.

சேந்தன் ஆசானின் பக்கத்தில் உட்கார்ந்தான். சமையற்காரி காய்ச்சல்காரன் ஒருவனுக்குக் கஞ்சி வைத்தாளாம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கொடிமரத்தில் சிவப்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"யார் தணித்தது என்று அரசர் கேட்பாரே. யார் பெயரை எழுதுவது?" என்றான் சேந்தன்.

"அரிசி களைகிறாளே, அவள் பெயரை" என்றார் ஆசான். "சடைச்சி."